பதினெட்டு பவுண்டு காத்து

(ஆஸ்திரேலியா பிரிஸ்பேன்ல ஒரு வீட்டு கராஜ், வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. மாமா ராமநாதபுரம் பக்கம், அரசு பஸ்ல 31 வருஷம் ஸ்டியரிங் புடிச்சு ரிட்டயர் ஆனவர், பொண்ணு வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. மாப்ள ஐடி வேலை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிராடோ வாங்கியிருக்கார், ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான், ஆனா இதுவரைக்கும் அது ஏறி எறங்குன பெரிய மலை ஷாப்பிங் சென்டர் ஸ்பீட் பிரேக்கர்.)

மாமா: மாப்ள, அசையாதீங்க. காலத் தூக்காதீங்க. அப்படியே நில்லுங்க.

மாப்ள: என்ன மாமா?

மாமா: உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது. இந்த ஊர்ப் பாம்பு ஆளக் கொல்லும்னு நீங்கதான சொன்னீங்க, நான் போயி வெளக்கமாறு எடுத்துட்டு வர்றேன்.

மாப்ள: பாம்பு இல்ல மாமா, டயர்ல காத்து எறக்கிட்டிருக்கேன்.

மாமா: (நெசமாவே பாம்பப் பாத்த மாதிரி) எறக்குறீங்களா? யாராச்சும் உங்க மேல கோவமா இருந்தா ராத்திரி வந்து எறக்கிட்டுப் போவான், அதக் கேள்விப்பட்டிருக்கேன், சொந்த வண்டிக்கு சொந்தக்காரனே எறக்கி இன்னிக்குத்தான் பாக்குறேன்.

மாப்ள: நாளைக்கு நாம போற தீவு மொத்தமும் மணல் மாமா, உலகத்துலயே பெரிய மணல் தீவு, நீளம் மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல, ரோடே கிடையாது. 36 பவுண்டுல போனா டயர் கத்தி மாதிரி மணல அறுத்துக்கிட்டு உள்ள போயிரும், 18க்கு எறக்கினா அடிப்பாகம் நீளமா படுத்துக்கும், வெயிட்டு பரவிரும், ஒட்டகத்துக் கால் மாதிரி.

மாமா: எங்க பஸ்ல 100 பவுண்டு. 90 இருந்தாலே டெப்போவ விட்டு வண்டிய எடுக்க மாட்டேன், ஆமா. ஆனா நீங்க சொல்றது நியாயம்தான், தனுஷ்கோடிக்கு 2017ல ரோடு போடுறதுக்கு முன்னாடி வேன்காரங்க மணல்லயும் சேத்துலயும்தான் ஓட்டுவாங்க, அவன் தடத்த விட்டு ஒரு அடி தள்ளிப் போனா வேன்ல இருக்க எல்லாரும் எறங்கித் தள்ளணும். அது சரி, தீவுக்கு என்ன பேரு சொன்னீங்க, கறியா?

மாப்ள: கரி மாமா, சின்ன ரி. முன்னாடி ஃப்ரேசர் ஐலண்டு, 2023ல பழைய பேரையே திரும்ப வச்சுட்டாங்க, அங்க காலங்காலமா இருக்க புட்சுல்லா ஜனங்க பேரு. இங்கிலீஷ்ல எழுதுறப்ப முன்னாடி ஒரு கே வரும், ஆனா அதச் சொல்லக்கூடாது. சொர்க்கம்னு அர்த்தமாம்.

மாமா: நல்லவேள, சனிக்கிழமை அதுவுமா கறித் தீவுக்குப் போறோம்னு உங்க அத்தைகிட்ட சொல்லியிருந்தா அவ பெட்டிய அவுத்திருப்பா. எத்தன மணிக்குக் கெளம்புறோம்?

மாப்ள: ஆறு மணிக்கு. ஒம்பது மணிக்கு இன்ஸ்கிப் பாயிண்ட், அங்கருந்து பார்ஜ்ல வண்டியோட ஏறி அந்தப் பக்கம். பத்தரைக்கு கடல் நல்லா வத்தியிருக்கும், அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் பின்னாடி ரெண்டு மணி நேரம், அதுக்குள்ள பீச்ச ஓட்டி முடிச்சிரணும், விட்டா தண்ணி ஏறி ஈர மணல் போயிரும், அப்புறம் மேல புசுபுசு மணல்லதான் மாட்டிக்கிட்டு நிக்கணும்.

மாமா: சனிக்கிழமை ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம்.

மாப்ள: கடலுக்கு ராகு காலம் எல்லாம் தெரியாது மாமா.

மாமா: ஏன் தெரியாது, எங்க ஊர்ல அமாவாசை பௌர்ணமின்னா கடல் ரொம்ப வத்தும், அதே அளவு ரொம்ப ஏறும். நீங்க போன்ல பாக்குறீங்களே கடல் ஏறி எறங்குற டேபிள், அதும் பஞ்சாங்கமும் ஒரே நிலாவப் பாத்துதான எழுதுறான். பத்தரைக்கு மேல பார்ஜ்ல ஏறுவோம், உங்க கணக்கும் தப்பாது, அத்தை கணக்கும் தப்பாது.

மாப்ள: சரி, பத்து முப்பத்தொண்ணு. ஆனா ஒண்ணு, பார்ஜ் நிக்கிற எடத்து மணல்தான் இருக்குறதுலயே மோசம்ங்கிறாங்க, தீவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பாதிப் பேர் அங்க பொதைஞ்சு நிப்பானாம். பொதைஞ்சா ஆக்ஸிலேட்டர மிதிக்கக் கூடாது, மிதிச்சா இன்னும் குழி தோண்டும், எறங்கி மண்வெட்டியால தோண்டி, டயருக்கு அடியில இந்த ஆரஞ்சுப் பலகைய வச்சு, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுக்கணும்.

மாமா: இல்லாட்டி கயிறக் கட்டி இழுக்கச் சொல்றது, அந்தா பின்னாடி உருண்டையா இருக்கே, அதுல மாட்டி.

மாப்ள: ஐயோ அந்த டோ பால்ல மாட்டவே கூடாது மாமா, இழுக்குற இழுப்புல பிச்சுக்கிட்டு பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வந்து ஆளே செத்திருக்கான். எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு ரேட்டிங் போட்ட கொக்கிலதான் மாட்டணும். அங்க பீச்சுல ஒரு துருப்பிடிச்ச கப்பல் கெடக்கு, மஹேனோன்னு பேரு, மொதல் உலகப் போர்ல ஆஸ்பத்திரிக் கப்பலா ஓடுனது, 1935ல பழைய இரும்புக்கு வித்து ஜப்பானுக்கு இழுத்துட்டுப் போறப்ப புயல்ல கயிறு அறுந்து கரையில ஒதுங்கிருச்சு.

மாமா: அத எப்ப எடுத்தாங்க?

மாப்ள: எடுக்கல. இன்னும் அங்கயேதான் கெடக்கு.

மாமா: (பிராடோவக் கொஞ்ச நேரம் பாத்துட்டு) சரி. வேற?

மாப்ள: பீச்சுதான் அங்க ரோடு மாமா, 80ல போலாம், போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லுவான், நடுவுல பிளேன் வேற எறங்கும், நாமதான் ஒதுங்கணும்.

மாமா: நான் ஓட்டுன ரூட்ல எருமை வரும், ஒதுங்காது. பிளேனாவது சத்தம் குடுத்துட்டு வருமில்ல.

மாப்ள: சாப்பாடுதான் பெரிய விஷயம். டிங்கோன்னு காட்டு நாய் சுத்திக்கிட்டிருக்கும், ஒரு பருக்கை போடக்கூடாது, போட்டா பெரிய ஃபைன். டென்ட்ல சாப்பாட்டு வாசனையே வரக்கூடாது, எல்லாம் வண்டிக்குள்ள பூட்டி வைக்கணும். அத்தை என்னவோ பொட்டலம் பொட்டலமா கட்டியிருக்காங்களே, அதுல கருவாடு இல்லையே?

மாமா: இருக்கு. ஞாயித்துக்கெழமைக்கு.

மாப்ள: மாமா!

மாமா: ஏழு சுத்து கவர் போட்டிருக்கா. அப்புறம் சனிக்கிழமை காக்காய்க்கு சோறு வைக்காம அவ வாயில ஒரு கவளம் வைக்க மாட்டா, அதுக்கு என்ன செய்யிறது?

மாப்ள: காக்காய்க்கும் வைக்கக் கூடாது, எந்த ஜீவனுக்கும் கூடாது. வேணும்னா கெளம்புறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுப் பின்னாடி வச்சுட்டு வரட்டும்.

மாமா: அது நீங்க சொல்லுங்க, மாப்ள சொன்னா கேப்பா. நான் சொன்னா முப்பது வருஷமா கேக்கல. சரி, நல்லெண்ணெய் எடுத்து வச்சிருக்கேன், கடல்ல ஒரு முழுக்கு போட்டா...

மாப்ள: கடல்ல குளிக்கக் கூடாது, சுறா, நீரோட்டம் ரெண்டும் உண்டு. மேக்கின்சி ஏரின்னு ஒண்ணு இருக்கு, வெள்ள வெளேர்னு மணல், கண்ணாடி மாதிரி தண்ணி, அதுல குளிக்கலாம். ஆனா அது மழைத்தண்ணி மட்டுந்தான், ஆறு உள்ள வர்றதும் இல்ல வெளிய போறதும் இல்ல, நீங்க எண்ணெயோட எறங்குனீங்கன்னா அந்த எண்ணெய் அங்கயேதான் நிக்கும். சோப்பு, சன்ஸ்கிரீன் கூட வேணாங்கிறாங்க.

மாமா: சனிக்கிழமை கறி கூடாது, எண்ணெய் கூடாது, காக்கா கூடாது, கடலும் கூடாது. இதுக்கா சொர்க்கம்னு பேரு வச்சான்? போகட்டும், டயருக்கு எலுமிச்சம்பழமாவது வைக்கலாமா, அதுக்கும் ஃபைனா?

மாப்ள: வைக்கலாம் மாமா, ஆனா பார்ஜ் கிட்ட வைக்காதீங்க, அந்த மணல்ல பழம் நசுங்காது, பொதைஞ்சிரும்.

மாமா: இங்கயே வச்சிருவோம். இங்கருந்து அந்த எடம் எவ்ளோ தூரம்?

மாப்ள: 240 கிலோமீட்டர் வரும்.

மாமா: மணல் ரோடா?

மாப்ள: சேச்சே, தார் ரோடு மாமா, ஹைவேஸ், பல எடத்துல 110ல போலாம், வழுவழுன்னு இருக்கும்.

மாமா: 110ல.

மாப்ள: ஆமா.

மாமா: தார் ரோட்டுல.

மாப்ள: ஆமா மாமா.

மாமா: பதினெட்டு பவுண்டுல.

(கராஜ்ல உஸ் சத்தம் நிக்கிது.)

மாப்ள: ...நாளைக்கு அங்க போயி பீச்சுல குனிஞ்சு நிக்க வேணாமேன்னுதான்...

மாமா: 240 கிலோமீட்டரு அந்த ரப்பரு மடிஞ்சு மடிஞ்சு சூடேறி, பாதி வழியில பட்டுன்னு போகும் மாப்ள. மணல் வந்த பொறகுதான எறக்கணும்! எத்தன டயர் ஆச்சு?

மாப்ள: நாலும். அப்புறம் ஸ்டெப்னி.

மாமா: ஸ்டெப்னியுமா?

மாப்ள: எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு...

மாமா: பம்பு இருக்கா?

மாப்ள: இருக்கு மாமா, புது கம்ப்ரஸர், வண்டி பேட்டரிலயே ஓடும், திரும்பி வர்றப்ப காத்து ஏத்தணும்ல, அதுக்குன்னு மொதல் ஐட்டமா டிக்கில வச்சேன்.

மாமா: மொதல் ஐட்டம்னா அடியில.

மாப்ள: அடியில.

(டிக்கில அடியிலருந்து மேல வரைக்கும் டென்ட், கூலர், இருபது லிட்டர் தண்ணி ரெண்டு, இட்லி குக்கர், அரிசி மூட்டை, புளியோதரை அண்டா, ஏழு கவர் கருவாடு, முறுக்கு டின் ஆறு. சாயங்காலம் அந்தக் கதவச் சாத்த மூணு பேரு அமுக்க வேண்டியிருந்துச்சு, அதுல ஒருத்தங்க அத்தை, சாத்துன கையோட இனிமே விடியிற வரைக்கும் யாரும் இதத் தொறக்கப்படாதுன்னு சொல்லிட்டுத்தான் படுக்கப் போனாங்க.)

மாமா: நீங்க மொல்லமா முறுக்கு டின்னுகள எறக்குங்க, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம. நான் போயி அவ தூங்கிட்டாளான்னு பாத்துட்டு வர்றேன்.

மாப்ள: தூங்குனாலும் பிரயோஜனம் இல்ல மாமா, கம்ப்ரஸர் டர்ர்ருன்னு தெருவையே எழுப்பும், அஞ்சு டயருக்கும் அர மணி நேரம் ஆகும். முழிச்சுக்கிட்டு என்ன சத்தம்னு கேட்டா?

மாமா: இந்த ஊர்ப் பாம்பு இப்படித்தான் கத்தும்னு சொல்றேன். நீங்க டின்ன எறக்குங்க.