ஃபைலி குர்துகள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, அண்ணா

சனிக்கிழமை குர்துப் புத்தாண்டான நவ்ரோஸ் மாலையில், ஈராக்கை ஆண்ட சதாம் உசேன் 1980இல் ஃபைலி குர்துகளை வெளியேற்றியது சரிதான், அவர்கள் ஈரானியர்கள் என்று நீங்கள் மேடையில் பேசினீர்கள், அண்ணா. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்று அதன் கீழே ஒருவர், "அண்ணன் சொன்னதில் என்ன தவறு? ஈரானியரை ஈரானுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஃபைலிகள் ஈராக்கியர்கள். பாக்தாத், கானகின், மந்தலி, பத்ரா, கூத் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குர்துகள். ஜாக்ரோஸ் மலையின் இரண்டு பக்கமும் அவர்கள் ஊர்தான். நடுவில் கோடு போட்டது அன்று ஈராக்கை ஆண்ட ஒட்டோமான் பேரரசும் பாரசீகமும், அதாவது இன்றைய ஈரானும்.

ஒட்டோமான் காலத்தில் படையில் பிடித்துப் போடுவார்களே என்று பயந்து பலர் தங்களைப் பாரசீகப் பிரஜை என்று பதிந்துகொண்டார்கள். 1924இல் வந்த ஈராக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பழைய பதிவைத்தான் எடுத்துக்கொண்டது. தாத்தா ஒட்டோமான் பிரஜை என்றால் பேரன் அசல் ஈராக்கியன். இல்லையென்றால் அவன் 'தபயியா', அதாவது ஈரானியச் சார்பு. பாக்தாதில் பிறந்து, பாக்தாதில் படித்து, பாக்தாதில் கடை வைத்திருந்தாலும் அதே முத்திரைதான். இதை வைத்துக்கொண்டு அவர்களை அந்நியர் என்று சொல்கிறோமா?

பாக்தாதின் ஷோர்ஜா சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் அவர்கள். பிறகு அதே சந்தையில் பெரிய வியாபாரிகளாக நின்றவர்களும் அவர்கள்தான். 1963 பிப்ரவரியில் சதாமின் கட்சியான பாத் கட்சி அப்போதைய அரசைக் கவிழ்த்தபோது எதிர்த்து நின்ற பாக்தாத் பகுதிகளில் ஒன்று அக்த் அல்-அக்ராத், ஃபைலிகளின் தெரு. 1974இல் பாத் அரசு தூக்கிலிட்ட லைலா காசிம் கானகினில் பிறந்த ஃபைலிப் பெண், பாக்தாத் பல்கலைக்கழக மாணவி. குர்துகள் இன்றும் பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். மேடையில் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவருடைய மக்களையே ஈரானியர் என்று பேசினோம்.

"அது போர்க்காலம், பாதுகாப்புக்காகச் செய்தார்கள்" என்று சொல்வீர்கள். தேதியைப் பாருங்கள். ஈராக்-ஈரான் போர் தொடங்கியது 1980 செப்டம்பரில். வெளியேற்றம் ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. வணிகர்களைக் கூட்டம் என்று சொல்லி வரவழைத்து, வந்தவர்களை வீட்டுக்குக்கூட விடாமல் எல்லைக்கு அனுப்பினார்கள். மே 7இல் சதாம் அரசின் 666ஆம் ஆணை வந்து அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த வருடம் இன்னொரு ஆணை: 'ஈரானிய' மனைவியை விவாகரத்து செய்தாலோ நாடுகடத்த விட்டாலோ ராணுவத்தில் இருப்பவனுக்கு 4,000 தினார், மற்றவனுக்கு 2,500. மனைவிக்கு விலை போட்ட அரசை எந்தப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பது?

சரி, உண்மையிலேயே பாரசீகக் காகிதம் வைத்திருந்தவர்களும் உண்டு. மறுக்கவில்லை. அதற்காக இருபது வயதுப் பையன்களைத் தனியாகப் பிரித்துச் சிறையில் போட வேண்டுமா? ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. பெரும்பாலோரின் உடல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

என் மாடிக்கு மேலே குடியிருக்கும் ஃபைலி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டாக்ஹோமில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். 1980இல் அவருக்குப் பதின்மூன்று வயது. எல்லை வரை லாரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு நடக்கச் சொன்னார்கள். அண்ணனை மட்டும் ஏற்றவில்லை. கொஞ்ச நாளில் வந்துவிடுவான் என்றார்களாம்.

அவரிடம் அண்ணனின் படம் ஒன்று இருக்கிறது, பாஸ்போர்ட் அளவில். பக்கத்து வீட்டு அரபு அம்மா இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்து, 2003இல் சதாம் வீழ்ந்த பிறகு கொடுத்தனுப்பியது. வெள்ளைச் சட்டை, காலர் ஒரு பக்கம் கொஞ்சம் மடங்கியிருக்கும். எனக்கு அதை முதலில் காட்டியபோது அக்கா முகத்தைக் காட்டவில்லை, பின்பக்கத்தைத்தான் திருப்பினார். ஸ்டுடியோவின் ஊதா முத்திரை, பாதி அழிந்தது. அதில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, "பாக்தாத் என்று போட்டிருக்கிறது பார்" என்றார். தம்பி மாதிரி இருக்கிற எனக்கே முத்திரையைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"ஒரு அக்காவின் கதையை வைத்துச் சரித்திரம் எழுதாதே" என்று உள்பெட்டியில் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். 2006இல் ஈராக் புதிய குடியுரிமைச் சட்டத்தில் 666ஐ ரத்து செய்தது. 2010இல் ஈராக்கின் உயர் தீர்ப்பாயமே ஃபைலிகளுக்கு நடந்ததை இனப்படுகொலை என்று சொன்னது. அந்த நாடே தவறு என்று ஒப்புக்கொண்டதை நம் மேடையில் சரி என்று பேசுகிறோம். "ஈரான் ஏற்றுக்கொண்டதே" என்கிறார் இன்னொருவர். ஏற்றுக்கொண்டது, முகாமில். ஈரானின் ஜஹ்ரோம், அஸ்னா முகாம்களில் இருந்தவர்களைக் கேளுங்கள், அங்கே அவர்களை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று. ஈராக்கிகள்!

அன்று அக்காவைக் கூட்டத்துக்குக் கூட்டி வந்தது நான்தான். மூன்றாவது வரிசையில் இருந்தார், பச்சைச் சால்வை. தமிழ் தெரியாது. ஆனால் சதாம், ஃபைலி, ஈரான் என்ற சொற்கள் எந்த மொழியிலும் காதில் விழும். பிறகு கைதட்டல். பேருந்தில் வரும்போது, "எங்களைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டார். உங்கள் வரலாற்றைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார் என்றேன். பொய் சொன்னேன், அண்ணா. அவர் சந்தோஷப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நாளாக மாடிப்படியில் அவர் காலடி கேட்டால் நான் கதவைத் திறப்பதில்லை.

நாளை மாலை மேலே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை, அதனால்தான் பொதுவில் கேட்கிறேன். காணொளியில் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு நீங்களும் என்னோடு வாருங்கள்.