அடித்து எழுதிய இரண்டு இடங்கள்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 5ஆம் தேதி, பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நடந்த தரையிறக்கத்துக்கு முந்தைய நாள், நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு சிறு தாளில் பென்சிலால் சில வரிகள் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். தாக்குதல் தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது.

அந்தத் தாளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அடித்தல் விழுந்த இடங்களில்தான் போய் நிற்கிறது. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்று முதலில் எழுதியவர், அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றேன் என்று திருத்தினார். "இந்த நடவடிக்கை" என்றிருந்த இடம் "தாக்குவது என்ற என் முடிவு" என்றானது. செயப்பாட்டுவினையில் செய்தவர் மறைந்துகொள்ளலாம் என்பது அறிக்கை எழுதிப் பழகிய எவருக்கும் தெரியும். அந்த மறைவிடத்தை அவர் தம் கையாலேயே அடைத்தார். வீரர்கள் தங்களால் இயன்றதையெல்லாம் செய்தார்கள், பழியோ குறையோ உண்டென்றால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்தார். கீழே ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை என்று தேதியிட்டிருக்கிறார். அந்த ஒரு பிழையில் அவருடைய களைப்பு முழுவதும் தெரிகிறது.

பழியைச் சுமத்த ஆளில்லாமல் இல்லை. புயலால் ஒரு நாள் தள்ளிப்போன தாக்குதலுக்கு, வானம் சற்றே தெளியும் என்று நம்பிக்கை தந்தவர் வானிலை அதிகாரி ஸ்டாக். வான்குடை வீரர்களை இறக்கினால் பேரிழப்பு நேரும் என்று விமானப்படைத் தளபதி லீ-மலோரி எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை மீறி முடிவெடுத்தவர், அன்று மாலை முகத்தில் கரி பூசி விமானம் ஏறக் காத்திருந்த அதே வீரர்களின் நடுவே போய் நின்று பேசினார்.

வென்றவரின் வெளிவராத தாளைப் புகழ்வது எளிது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் 1,50,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பும் ஆணையைப் பிறப்பித்துவிட்டு, முடிவு தெரியாத நிலையில் அவர் அதை எழுதினார். இத்தகைய ஒப்புதல் இறந்தவர் ஒருவரையும் மீட்டுத் தராது என்பது உண்மைதான். ஆனால், தோற்றால் இது என் பெயரில்தான் எழுதப்படும் என்று முன்பே உறுதி பூண்டவர், ஆணையிடும் முன் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சில வாரங்கள் கழித்துப் பணப்பையில் கிடந்த அந்தத் தாளைத் தம் உதவியாளர் பட்சரிடம் அவர் காட்டினார். கடல்வழித் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் முன் இப்படி ஒன்று எழுதியதாகவும், மற்றவற்றை யாரும் அறியாமல் கிழித்துவிட்டதாகவும் சொன்னார். இதை மட்டும் பட்சர் வாங்கி வைத்துக்கொண்டார்.