போன வருஷத்து ஊசி வேணுமான்னு கேட்டாங்க

“போன வருஷத்து ஃப்ளூ ஊசி ரெண்டு இருக்கு, அதைப் போட்டுக்கறீங்களா?”

ரிசப்ஷன்ல இருந்த மேடம் இதைக் கேட்டப்ப அம்மா என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. 71 வயசு. 20 வருஷமா சர்க்கரை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஃப்ளூ வந்து, அது நிமோனியாவாகி, பதினோரு நாள் மூக்குல ஆக்சிஜன் குழாயோட ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. பதினோரு ராத்திரியும் அவங்க நெஞ்சு ஏறி இறங்கறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனி எந்த வருஷமும் இந்த ஊசி தவறக் கூடாதுன்னு. அந்த அம்மாவுக்குத்தான் பழைய ஊசி.

“சீசனே முடிஞ்சுபோன ஊசியாச்சே மேடம், தேதி பாருங்க”ன்னேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாங்க. “காலாவதியாக இன்னும் மூணு வாரம் இருக்கு சார். அதோட பழசுல நாலு வைரஸுக்கு இருந்துச்சு, புதுசுல மூணுக்குத்தான் வருதாம். பழசுதான் நல்லது.”

எனக்கு அங்கேயே ரத்தம் கொதிச்சுது. நாலு ஏன் மூணாச்சுன்னு அந்த இடத்துல யாருக்குமே தெரியலை. மனுஷங்ககிட்ட வருஷா வருஷம் பரவற ஃப்ளூ ஏ வகையில ஹெச்1என்1, ஹெச்3என்2ன்னு ரெண்டு. ஃப்ளூ பி-யில விக்டோரியா, யமகட்டான்னு ரெண்டு வம்சம். இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் அந்த ஊசி இருந்துச்சு. யமகட்டா வம்சம் 2020 மார்ச்சுக்கு அப்புறம் மனுஷங்ககிட்ட பரவறதா எங்கேயும் உறுதியா தென்படலை. மூணு வருஷத்துக்கு மேல தேடிப் பார்த்துட்டு, 2023 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர்கள் இதை இனி ஊசியில சேர்க்க வேண்டாம்னு சொன்னாங்க. இல்லாத வைரஸுக்கு எதுக்கு மருந்துன்னு எடுத்தாங்க. அதைக் காரணமா காட்டி ஒரு சர்க்கரை நோயாளிக்குப் பழைய ஊசியைத் தள்ளிவிடப் பார்க்கறாங்களே, இதை என்னன்னு சொல்றது?

இந்த வைரஸ் சும்மா இருக்கறதில்லை. மேல்தோல்ல இருக்கற புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருக்கும். போன வருஷம் நம்ம உடம்பு அடையாளம் கண்டுக்கிட்ட வைரஸ் இந்த வருஷம் வேற முகத்தோட வரும். போன வருஷம் போட்ட ஊசியோட பலமும் மாசம் போகப் போகக் குறைஞ்சுடும். அதனாலதான் வருஷா வருஷம் புது ஊசி. 1952-லேர்ந்து இதுக்குன்னே உலக சுகாதார நிறுவனத்தோட கண்காணிப்பு வலையமைப்பு இருக்கு. நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள்ல இருக்கற ஆய்வகங்கள், காய்ச்சல்காரங்க மூக்குலயும் தொண்டையிலயும் எடுத்த மாதிரிகளை வருஷம் பூரா பார்த்துக்கிட்டே இருக்கு. பிப்ரவரியில கூடி வடக்கு அரைக்கோளத்துக்கு எந்த வைரஸ்னு முடிவு பண்றாங்க, செப்டம்பர்ல கூடி தெற்குக்கு. அதுக்கப்புறம் தயாரிச்சு முடிக்க ஏறக்குறைய ஆறு மாசம். பெரும்பாலான ஊசிக்கு இன்னமும் கருவுள்ள கோழி முட்டைக்குள்ளதான் வைரஸை வளர்க்கறாங்க. வளர்த்து, பிரிச்சு, செயலிழக்க வெச்சு, சோதிச்சு, சிரிஞ்சில நிரப்பி, 2 டிகிரியிலேர்ந்து 8 டிகிரிக்குள்ளேயே வெச்சுக் கண்டம் தாண்டிக் கொண்டு வர்றாங்க.

இத்தனையும் ஒழுங்கா நடக்குது. ரிசப்ஷன் மேஜையிலேர்ந்து அம்மா கை வரைக்கும் இருக்கற பத்தடி தூரத்துலதான் எல்லாம் நாசமாகுது. என் கோபம் முழுக்க அந்தப் பத்தடி மேலதான்.

புது ஊசி எப்ப வரும்னு கேட்டேன். “வரும்.” எப்ப? “வந்தா தெரியும்.” என் நம்பரை எழுதிக்குங்க, வந்ததும் கூப்பிடுங்கன்னேன். ஒரு துண்டுக் காகிதத்துல எழுதினாங்க. யாரும் கூப்பிடலை. ரெண்டு வாரம் பொறுத்துட்டு நானே போனேன். வந்துச்சாம், நாலு நாள்ல தீர்ந்தும் போச்சாம். அந்தக் காகிதம் எங்கே போச்சுன்னு கேட்டதுக்குப் பதில் இல்லை.

மூணாவது தடவை வேற இடம். இந்தத் தடவை தங்கச்சியையும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு ஆறாம் மாசம். ஸ்டாக் இருக்குன்னு போன்ல சொல்லியிருந்தாங்க, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. அங்கே போனா, அவ வயித்தைப் பார்த்த உடனே கவுன்ட்டர்ல இருந்தவர், “கர்ப்பத்துல இதெல்லாம் போடக்கூடாதும்மா, குழந்தைக்கு ஆகாது”ன்னுட்டார். டாக்டரைக் கேட்கலை, நர்ஸைக் கேட்கலை. அவரா சொன்னார். தங்கச்சி முகம் வெளிறிப் போச்சு. குழந்தைக்கு ஆகாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா எந்தத் தாய்தான் அப்புறம் கையை நீட்டுவா?

கர்ப்பிணிகளுக்குத்தான் முதல் முன்னுரிமைன்னு உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லியாச்சு. எந்த மாசத்துலயும் போடலாம். அவங்களுக்குப் போடற ஊசியில உயிருள்ள வைரஸே கிடையாது. மூக்குல அடிக்கற ஸ்ப்ரேயிலதான் பலவீனப்படுத்தின உயிர் வைரஸ் இருக்கு, அதைத்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மாட்டாங்க. பிறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த ஆறு மாசமும் அதைக் காப்பாத்தறது அம்மா ரத்தத்துலேர்ந்து நஞ்சுக்கொடி வழியா போய்ச் சேர்ற எதிர்ப்புச் சக்திதான். அதாவது, குழந்தைக்காகவே போட வேண்டிய ஊசியைக் குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்லித் தடுக்கறார் ஒருத்தர்! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. ரெண்டு உயிர் விஷயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்ற உரிமையை யார் கொடுத்தாங்க உங்களுக்கு?

சண்டை போட்டுத்தான் டாக்டரைப் பார்த்தோம். அவர், தங்கச்சியோட டாக்டரே எழுதிக் கொடுக்கட்டும்னுட்டார். அம்மா பக்கம் திரும்பி, “எதுக்குங்க வீணா இதுக்கு அலையறீங்க, சாதாரண சளிக்காய்ச்சல்தானே, வந்தா பார்த்துக்கலாம்”ன்னார். ஒரு டாக்டர் வாயிலேர்ந்து இந்த வார்த்தை வந்ததை என்னால இன்னமும் ஜீரணிக்க முடியலை. உலகத்துல வருஷத்துக்கு 30 லட்சத்துலேர்ந்து 50 லட்சம் பேருக்கு இது தீவிரமாகுது, மூச்சுக் கோளாறால மட்டும் 2,90,000-லேர்ந்து 6,50,000 பேர் சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே கணக்கு சொல்லுது. 2018-ல கனடாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. ஃப்ளூன்னு ஆய்வகத்துல உறுதியான முதல் ஏழு நாள்ல மாரடைப்பு வர்ற வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு ஏறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மாரடைப்பு வந்து போனவங்க வீட்டுல, அதுக்கு முந்தின வாரம் காய்ச்சல் இருந்துச்சான்னு யார் கேட்கறாங்க? சாதாரணக் காய்ச்சலாம். அந்தப் பதினோரு ராத்திரி அவர் வந்து எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்.

அன்னிக்கும் ஊசி போடாமலே திரும்பி வந்தோம். டாக்டரைப் பார்த்துட்டு நாங்க வெளியே வர்றதுக்குள்ள ஊசி போடற நர்ஸ் கிளம்பிட்டாங்களாம்.

நாலாவது தடவை நடந்ததைச் சொல்லவே கை நடுங்குது. ஒரு மருந்துக்கடையில இருக்குன்னு சொன்னாங்க. வாங்கிட்டுப் போய் எங்கே வேணா போட்டுக்கலாமாம். கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்தார், சாதாரணப் பையில போட்டு நீட்டினார். ஐஸ் இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை. வெளியே வெயில் கொளுத்துது. ஐஸ் எங்கேன்னு கேட்டா, “அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது”ங்கறார். அது முழுக்கப் பொய்யில்லை, கொஞ்ச நேரம் தாங்கற ஊசிகளும் உண்டு. ஆனா எனக்கு முன்னாடி அது எத்தனை கை மாறிச்சு, எத்தனை அரை மணி நேரம் வெளியே இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்த ஃப்ரிட்ஜுல ஒரு தெர்மாமீட்டர் கூட இல்லை. பெட்டி ஃப்ரீசர் தட்டோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஃப்ளூ ஊசி ஒரு தடவை உறைஞ்சா போச்சு, உருக வெச்சுப் போடக் கூடாது, தூக்கித்தான் போடணும். உறைஞ்சு உருகினதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கெட்டுப்போன ஊசியைப் போட்டுக்கிட்டு, பாதுகாப்பு வந்துடுச்சுன்னு நம்பி அம்மா வெளியே நடமாடியிருப்பாங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.

அஞ்சாவது தடவைதான் நடந்துச்சு. ஒரு சின்ன கிளினிக். அங்கே இருந்த நர்ஸ் பெட்டியை என் கையில கொடுத்து, “எந்த சீசன், என்ன தேதின்னு நீங்களே பாருங்க”ன்னாங்க. இதுக்கு முன்னாடி தடுப்பூசிக்கு ஒவ்வாமை வந்திருக்கா, இன்னிக்குக் காய்ச்சல் இருக்கான்னு அம்மாகிட்ட கேட்டாங்க. போட்டுட்டு, பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்கன்னாங்க. தங்கச்சிக்கு அவ டாக்டர் எழுதின சீட்டைப் பார்த்துப் போட்டு விட்டாங்க. என் பையனுக்கு ஆறு வயசு, அவனுக்கும் போட்டப்ப, “முதல் தடவையா? அப்படின்னா நாலு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ் போடணும், ஒன்பது வயசுக்குக் கீழே இருக்கற பிள்ளைங்களுக்கு முதல் வருஷம் ரெண்டு”ன்னு சொல்லித் தேதியையும் எழுதிக் கொடுத்தாங்க. எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகலை. அந்த நர்ஸ் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அப்புறம்தான் ஆத்திரம் இன்னும் ஏறிச்சு. இவ்வளவு சுலபமா ஒருத்தரால முடியுதே, மத்த மூணு இடத்துலயும் ஏன் முடியலை? என் பையனுக்கும் போடணும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லலையே?

முதல் தடவை படியேறினதுக்கும் ஊசி ஏறினதுக்கும் நடுவுல 37 நாள். எனக்குக் கால் இருக்கு, வண்டி இருக்கு, கேள்வி கேட்கற வாய் இருக்கு. தனியா இருக்கற வயசானவங்க முதல் இடத்துலயே அந்தப் பழைய ஊசியைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. இல்லைன்னா ரெண்டாவது தடவையோட விட்டிருப்பாங்க. அப்புறம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு இவங்களே பேசுவாங்க. வாசல்வரைக்கும் வந்தவங்களைத் திருப்பி அனுப்பறது யாரு?

ஒரு போர்டு வைக்க என்ன கஷ்டம்? இந்த வருஷ ஊசி வந்துடுச்சு, இத்தனை இருக்கு, இத்தனை மணியிலேர்ந்து போடுவோம். மூணு வரி. பேர் கொடுத்தவங்களுக்கு ஒரு மெசேஜ். வயசானவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருக்கறவங்களுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைக்கறது. முதல்ல அங்கே வேலை பார்க்கறவங்க போட்டுக்கணும். மூணாவது தடவை போன இடத்துல கவுன்ட்டர்ல இருந்தாரே, அவர் மாஸ்க் இல்லாம இருமிக்கிட்டேதான் தங்கச்சிக்கு அறிவுரை சொன்னார். அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே இந்த வைரஸ் அடுத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சுடும். நோயாளிகள் வந்து நிக்கற இடத்துல இருக்கறவர் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்?

சொந்தக்காரங்களும் சும்மா விடலை. ஊசி போட்டாதான் காய்ச்சலே வருதாம். ஊசியில இருக்கறது செத்த வைரஸோட துண்டுங்க, அதால ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு கதகதன்னு இருக்கும், அது உடம்பு கத்துக்கற அறிகுறி. போட்டும் சில பேருக்கு வருதேன்னு கேட்டா, ஆமா, வரும். வைரஸ் நல்லாப் பொருந்தின வருஷத்துலயே, டாக்டரைத் தேடிப் போற அளவு வர்ற ஃப்ளூவை 40-லேர்ந்து 60 சதவீதம்தான் குறைக்குது. மீறி வந்தாலும் ஐசியூ வரைக்கும் போகற ஆபத்து குறையுது. எனக்கு அது போதும். பதினோரு ராத்திரியை ரெண்டு ராத்திரியா ஆக்கினாலும் போதும்.

ஆனா ஊசி போட்ட உடனே இது எதுவும் கிடைச்சுடாது. உடம்புல எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய ரெண்டு வாரம் ஆகும். அந்த 37 நாள் ஏன் எனக்கு இப்படி எரியுதுன்னா இதனாலதான். முதல் தடவை போனப்ப ஊர்ல ஒரு இருமல் சத்தம் இல்லை. அப்ப ஊசி இருந்திருந்தா, இல்லை வந்ததும் ஒரு போன் பண்ணியிருந்தா, இன்னிக்கு அம்மாவுக்காக இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

இன்னிக்கு அம்மாவுக்கு ஊசி போட்டு ஒன்பதாவது நாள். முந்தாநாள் பையன் வகுப்புல பாதிப் பேர் வரலை. நேத்து ராத்திரி அவனுக்கு 102 டிகிரி காய்ச்சல். மூக்குல டெஸ்ட் எடுத்திருக்கு, ஃப்ளூவா இல்லையான்னு நாளைக்குத்தான் தெரியும். அவனை ஹால்ல என்னோட படுக்க வெச்சிருக்கேன், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கு. அம்மா அவங்க ரூம்ல, கதவைச் சாத்தி வெச்சிருக்கேன். “ஒரே ஒரு தடவை நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு உள்ளே போயிடறேண்டா”ன்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னும் அஞ்சு நாள் போகட்டும்மான்னு சொல்லிக்கிட்டு நான் இந்தப் பக்கம் நிக்கறேன்.