கிராமம் இருந்தால் நவீனத்துவம் இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. காணொளி எல்லோர் கையிலும் இருக்கிறது. அரங்கம் சிரிக்கும் இடத்தை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆங்கில நவீனத்துவம், அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய எழுத்து முறைகளை உடைத்த இலக்கியம், முழுக்க முழுக்க மாநகரத்தின் சரக்கு, கிராமத்தை எழுதியவர்கள் எல்லாம் பழசை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் என்றார் பேச்சாளர். அப்படியானால் நாவலாசிரியர் டி.எச். லாரன்ஸை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "நீங்க கிராமத்துக் காலேஜ்ல பாடம் எடுக்கறீங்க, அதான் எங்க பார்த்தாலும் மாடு தெரியுது" என்று பதில் வந்தது. சரி, நகைச்சுவைதான். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் சான்றாகக் காட்டிய, வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டேலோவே'யிலிருந்தே தொடங்கலாம். லண்டன் நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே நாயகி கிளாரிஸாவின் மனம் எங்கே ஓடுகிறது? போர்ட்டன் என்ற நாட்டுப்புற வீட்டின் ஜன்னல் கதவைத் திறந்துகொண்டு காலைக் காற்றுக்குள் பாய்கிறது. அந்த நாவல் விற்ற காசில் வர்ஜீனியா வுல்ஃப் என்ன செய்தார் தெரியுமா? தென் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் ரோட்மெல் என்ற கிராமத்தில் 1919இல் வாங்கிய வீட்டுக்கு, 1926இல் கக்கூஸ் கட்டினார். அதுவரை தோட்டத்து மூலைக்குத்தான் போய்வந்தார்கள். மாநகர நாவலின் வருமானம் கிராமத்துக் கழிப்பறைக்குப் போயிருக்கிறது!

அவருடைய கடைசி நாவல் 'பிட்வீன் தி ஆக்ட்ஸ்'. அவர் இறந்த பிறகு 1941இல் வந்தது. முதல் வரியில் பெரிய வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கழிவுநீர்க் குழியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகக் கவுண்டி கவுன்சில் (மாவட்ட நிர்வாகம்) சொல்லியிருந்தது, கொண்டுவரவில்லை. குழி தோண்டப் பார்த்திருக்கும் இடம் பழைய ரோமானியச் சாலையின் மேல் இருக்கிறதாம். ஊர் கூடிப் போடும் நாடகத்தின் வசூல் தேவாலயத்துக்கு மின்விளக்கு போடுவதற்கு. பாதிரியார் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு போர் விமானங்கள் தலைக்கு மேல் பறந்து அவர் வார்த்தையை இரண்டாக வெட்டுகின்றன. 1939 ஜூன் மாதம். இதில் பெருமூச்சு எங்கே இருக்கிறது? தண்ணீர்க் குழாய், கரண்ட், போர் மூன்றும் ஒரே நாளுக்குள் ஒரு கிராமத்தின் பேச்சுக்குள் வருகின்றன. இது நவீனம் இல்லை என்றால் வேறு எதுதான் நவீனம்?

இந்தப் பகுதியை வகுப்பில் எடுத்தபோது ஒரு மாணவி, "எங்க ஊர் கிராம சபை மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிற யாரும் இந்த நாவலைப் பற்றி எனக்கு இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

இனி லாரன்ஸ். 'தி ரெயின்போ', 1915. பிராங்வென் குடும்பத்தின் வயலுக்கு குறுக்கே 1840 வாக்கில் ஒரு கால்வாய் வெட்டுகிறார்கள், புதிதாகத் திறந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்காக. குடும்பத்துக்கு நஷ்டஈடாக நல்ல தொகை கிடைக்கிறது. பிறகு ரயில் வருகிறது. வயலில் வேலை செய்பவர்கள் காதில் சுரங்கத்து எஞ்சின் சத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது, மேல்காற்று அடித்தால் கந்தக நாற்றம். பின்னால் ஒருநாள் அதே கால்வாயின் கரை உடைந்து டாம் பிராங்வென் வெள்ளத்தில் செத்துப்போகிறான்.

நான் எம்.ஏ. படித்தபோது இந்த ஆரம்ப அத்தியாயங்களை "வெறும் கிராம வர்ணனை, தேர்வுக்கு வராது, தள்ளிவிட்டுப் படியுங்கள்" என்றார்கள். அந்த வருடம்தான் எங்கள் கொல்லையின் பாதியை நான்குவழிச் சாலை எடுத்துக்கொண்டது. நஷ்டஈட்டுக் காசில் அண்ணன் மினி லாரி வாங்கினான். அப்பா மீதி நிலத்தில் நின்று, லாரிச் சத்தத்தில் என்னைக் கூப்பிடக் கத்த வேண்டியிருந்தது. எனக்கு அந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் படிக்க முடியவில்லை. இதைத்தான் "மாடு தெரியுது" என்கிறார்கள் போல.

"இவர்கள் எல்லாம் வசதியானவர்கள், ஜன்னல் வழியாகக் கிராமத்தைப் பார்த்தவர்கள்" என்று ஒரு தோழர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். வுல்ஃப் விஷயத்தில் ஓரளவு சரி. கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'ஈஸ்ட் கோக்கர்' கூட முன்னோர் ஊரைத் தேடிப்போன மனிதரின் கவிதைதான். ஆனால் அதிலும் சந்து வழியாக ஒரு வேன் வர, கரையோடு சாய்ந்து வழிவிட வேண்டியிருக்கிறது, பாருங்கள். லாரன்ஸ் எந்த ஜன்னலில் நின்றார்? நாட்டிங்காம்ஷயர் ஈஸ்ட்வுட்டில் சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்தப் பக்கம் போனால் தோழருக்கு வாதம் நிற்காது, அதனால் அவர் போகவில்லை.

"ஜார்ஜியன் கவிகள் பழம்பெருமை பாடவில்லையா?" என்று ஒரு கேள்வி. பாடினார்கள். அவர்கள் அதே காலத்தில் நாட்டுப்புறத்தைப் பாடியவர்கள், நவீனத்துவர்கள் இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொருவர், நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' வைக்கோல் வாசனையில் முடிகிறதே, அது ஏக்கம் இல்லையா என்கிறார். அதே கடைசிப் பக்கங்களில் ஹெலன் என்ற பாத்திரம் புல்வெளிகளுக்கு அப்பால் சிவப்புத் துருவைப் போல ஊர்ந்துவரும் லண்டனைக் காட்டுகிறது. 1910இல் எழுதியது. ஹோவர்ட்ஸ் எண்ட் என்பது நாவலில் வரும் ஒரு வீட்டின் பெயர். அதற்கு மூலமான, ஃபார்ஸ்டர் சிறுவயதில் வளர்ந்த வீடு ஸ்டீவனேஜை ஒட்டி இருக்கிறது. 1946இல் அந்த ஸ்டீவனேஜைத்தான் அரசாங்கம் முதல் புதுநகரமாக (திட்டமிட்டுக் கட்டும் நகரமாக) அறிவித்தது. பின்னால் திரும்பி நின்றவருக்கு முன்னால் வருவது எப்படித் தெரிந்ததாம்?

உண்மையில் எனக்கு எரிச்சல் லாரன்ஸுக்காகவோ வுல்ஃபுக்காகவோ இல்லை, அவர்களுக்கு என் வக்காலத்து தேவையில்லை. கிராமத்திலிருந்து வந்தவர் கதை எழுதினால் 'மண்வாசனை' என்று தோளில் தட்டுவீர்கள். அதே ஆள் வுல்ஃபைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டால் மாடு. எங்களைப் பற்றி எழுதலாம், நாங்கள் படித்து அபிப்பிராயம் சொல்லக் கூடாது, அப்படித்தானே? மேடையில் இருந்த மற்றவர்கள் அன்று ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இன்னும் புரியவில்லை. அதில் என் நண்பர்களும் இருந்தார்கள். பரவாயில்லை, போட்டோவில் எல்லோரும் நன்றாக விழுந்திருக்கிறீர்கள்.

பேச்சாளரின் நூலை வாங்கிப் படித்துவிட்டுப் பேசச் சொல்பவர்களுக்கு: வாங்கிவிட்டேன், படித்தும்விட்டேன், 'தி ரெயின்போ'வுக்கு அதில் அரைப் பத்தி. கீழே வந்து "அப்போ ஜாய்ஸ்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: 'யுலிஸிஸ்' எழுதிய ஜாய்ஸ் அயர்லாந்தின் டப்ளின்காரர். நான் இங்கிலாந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.