படப்பட்டியலில் அடங்காத ஷிவான் மெக்கென்னா

'டாக்டர் ஷிவாகோ' பார்த்தவர்கள் ஷிவான் மெக்கென்னாவைப் பார்த்திருப்பார்கள். பெயர் நினைவில் நின்றிருக்காது. அநாதையான சிறுவன் ஷிவாகோவை எடுத்து வளர்க்கும் வீட்டின் தாய், அன்னா. சில காட்சிகள்தான். 1961இல் வந்த 'கிங் ஆஃப் கிங்ஸ்' படத்தில் இயேசுவின் தாய் மரியாள். பட்டியல் இப்படியே போய்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு 'துணை வேடங்களில் நடித்த ஐரிஷ் நடிகை' என்று அவரை ஒரே வரியில் முடித்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை.

பிறந்தது பெல்ஃபாஸ்ட். வளர்ந்தது அயர்லாந்தின் மேற்கே கால்வேயில். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஐரிஷ் மொழி மெக்கென்னாவுக்குச் சிறுவயதிலிருந்தே சரளம். 1928இல் தொடங்கிய தைவ்யார்க் என்ற ஐரிஷ் மொழி நாடக அரங்கு அதே ஊரில்தான் இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே அங்கே மேடையேறிவிட்டார். பிறகு டப்ளினுக்குப் போய், அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கான ஆபி தியேட்டரில் நடித்தார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. பிரான்சின் வீரப்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி பெர்னார்ட் ஷா எழுதிய 'செயின்ட் ஜோன்' நாடகத்தை அவரே ஐரிஷில் மொழிபெயர்த்து, 1950களின் தொடக்கத்தில் கால்வே மேடையில் ஜோனாகவும் நடித்தார். ஜோன் என்ற பெயரின் ஐரிஷ் வடிவம்தான் ஷிவான். தன் பெயரையே தாங்கிய நாடகத்தை, ஒரு சிறிய அரங்கில், கொஞ்சம் பேரே பேசும் மொழியில் நடித்திருக்கிறார். எழுதிய ஷாவும் டப்ளின்காரர்தானே!

1954இல் அதே ஜோன் லண்டனுக்குப் போனாள், இம்முறை ஆங்கிலத்தில். மெக்கென்னா தன் மேற்கு அயர்லாந்து உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஜோன் நாட்டுப்புறப் பெண். அரசவையிலும் விசாரணை மன்றத்திலும் பேசினாலும் அவள் நாக்கில் ஊர் மண் ஒட்டியிருக்க வேண்டும். அந்த நாக்கு ஏற்கெனவே ஐரிஷில் ஜோனைப் பேசிப் பழகியது. லண்டனில் அந்தக் குரல் எடுபட்டதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். 1956இல் ஜோன் அமெரிக்காவுக்கும் போனாள். அந்த ஆண்டு 'லைஃப்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. நியூயார்க்கின் பிராட்வே மேடைகளில் நடித்து, அங்கே நாடகத்துக்குத் தரப்படும் டோனி விருதுக்கு இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டார்.

சினிமாவில் அவருக்கேற்ற வேடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஐரிஷ் நாடக ஆசிரியர் ஜே. எம். சிங் எழுதிய 'பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகத்தில் நாயகி பெகீன் மைக் இருபது வயதுப் பெண். அது 1962இல் படமாக வந்தபோது, பெகீனாக நடித்த இவர் நாற்பதை நெருங்கிவிட்டார். குளோசப் வயதை மன்னிக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வசனங்களைக் கேளுங்கள். வயதே தெரியாது.

கடைசியாக 1985, மறுபடியும் கால்வே. ட்ரூயிட் நாடகக் குழுவுக்காக கேரி ஹைன்ஸ் இயக்கிய டாம் மர்ஃபியின் 'பால்யகங்கார்யா' நாடகம். 'சிரிப்பில்லாத ஊர்' என்று பொருள். மம்மோ என்ற நினைவு தப்பிய கிழவி படுக்கையில் கிடந்தபடி, இல்லாத குழந்தைகளுக்குக் கதை சொல்கிறாள். ஒரு ஊரில் நடந்த சிரிப்புப் போட்டியின் கதை. இரவுக்கு இரவு சொல்கிறாள், முடிப்பதே இல்லை. முடிவில் இருப்பது அவளால் தாங்க முடியாத துக்கம். கூட இருக்கும் பேத்தி மேரி, இன்றைக்காவது முடித்துவிடு என்று விடாமல் கேட்கிறாள். எழுந்து நடக்க வேண்டாம், சண்டை இல்லை, அழகு வேண்டாம். நாடகத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியது குரல் ஒன்றுதான். ஐரிஷும் ஆங்கிலமும் கலந்து புரளும் அந்தப் பேச்சுக்கு இவரைவிடப் பொருத்தமான நாக்கு வேறு இருந்திருக்குமா? அவருடைய வாழ்நாள் நடிப்பின் உச்சம் இதுதான் என்பேன், ஜோனையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு நவம்பரில் மெக்கென்னா இறந்துபோனார். 1985இல் படுக்கையருகே நின்று பேத்தி மேரியாக நடித்தவர் மேரி மலன். 2014இல் ட்ரூயிட் அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றியபோது, மம்மோவின் படுக்கையில் இருந்து கதை சொன்னவர் அவர்தான்.