சிறிய ஸ்டெப்னிக்கு வேக வரம்பு உண்டு

பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வழக்கமான வேகத்திலேயே ஊர் போய்ச் சேரலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஸ்டெப்னி மற்ற நான்கு சக்கரங்களின் அளவிலேயே, நல்ல நிலையில் இருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் இப்போது பல கார்களில் வருவது சிறிய அல்லது ஒல்லியான ஸ்டெப்னி. அதற்குப் பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.தான் உச்ச வரம்பு. அதுவும் பஞ்சர் கடை வரை போவதற்கு.

என் சொல்லை நம்ப வேண்டாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியின் டிஸ்க்கில் மஞ்சள் அல்லது சிவப்பு ஸ்டிக்கரில் 80 என்று இருக்கும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் (பழைய கார் வாங்கியவர்கள் கவனிக்க) டயரின் பக்கவாட்டில் அச்சான அளவை ஓடும் டயருடன் ஒப்பிடுங்கள்: ஓடும் டயரில் 16 அங்குலம், ஸ்டெப்னியில் 15 என்றால் விடை தெரிந்துவிடும். காருடன் தந்த கையேட்டிலும் இந்த வரம்பு இருக்கும்.

விட்டம் குறைந்த சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் பிடிமானம் மாறும். நான்குவழிச் சாலையில் 110-இல் போகும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.