விதியைக் காட்டாதீங்க, வரியைக் காட்டுங்க

விக்கிப்பீடியால புதுசா வந்து சந்தேகம் கேக்கறவங்களுக்கு நம்ம ஆளுங்க சில பேரு பதில் சொல்ற லட்சணத்தைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். நீளமாதான் போகும், பொறுமை இல்லாதவங்க இப்பவே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. தமிழ் விக்கிப்பீடியா 2003ல ஆரம்பிச்சது, 2017 மே மாசம் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டுச்சு. இதுக்கு சம்பளம் கெடையாது, ஆபீஸ் கெடையாது, நம்மள மாதிரி ஆளுங்க வேலை முடிஞ்ச நேரத்துல எழுதறதுதான். புதுசா வர்றவங்க கேள்வி கேக்க ஒத்தாசைப் பக்கம்னு ஒண்ணு இருக்கு, பொதுவா உக்காந்து பேச ஆலமரத்தடி இருக்கு, எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கு. பேரெல்லாம் எவ்ளோ அழகா வச்சிருக்கோம் பாருங்க. ஆனா அந்த ஆலமரத்தடிக்கு ஒருத்தன் முதல் தடவை தயங்கித் தயங்கி வந்து நிக்கறப்ப நாம என்ன பேசறோம்ங்கறதுதான் மேட்டர்.

வழக்கமா நடக்கறது இதுதான். தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்துல இருந்து ஒரு காலேஜ் பையன்னு வச்சுக்குங்க. தன் ஊரைப் பத்தி கட்டுரையே இல்லையேன்னு செல்லுலயே உக்காந்து டைப் பண்ணி ஏத்தறான். மறுநாள் பாத்தா பக்கம் காணோம். "ஏன் சார் என் கட்டுரைய டெலிட் பண்ணீங்க, நான் என்ன தப்பு பண்ணேன்"னு வந்து கேக்கறான். அவனுக்குக் கெடைக்கற பதில் என்னன்னா, காப்புரிமைக்கு ஒரு லிங்க், குறிப்பிடத்தக்கமைக்கு (தனிக் கட்டுரை போடற அளவுக்கு விஷயமாங்கறது) ஒரு லிங்க், மெய்யறிதன்மைக்கு (ஆதாரத்தை வச்சு சரிபாக்க முடியுமாங்கறது) ஒரு லிங்க், கீழ "படித்துப் பார்க்கவும்". அவ்ளோதான். அந்தப் பையன் மூணு லிங்க்கையும் தொறந்து பக்கம் பக்கமா படிப்பான்னு நெஜமாவே நம்பறீங்களா? இன்ஸ்டாகிராம் பக்கம் போயிடுவான், அங்க யாரும் எதையும் அழிக்கறதில்ல.

அவனுக்கு சொல்ல வேண்டியது ரொம்ப சின்னது. "தம்பி, உங்க கட்டுரைல ரெண்டாவது பத்தியும் மூணாவது பத்தியும் மாவட்ட வெப்சைட்ல இருக்கறது அப்படியே வந்திருக்கு, அதனாலதான் எடுத்துட்டாங்க. ஊர்ல ஏரி இருக்கு, ஸ்கூல் இருக்கு, அரூர்ல இருந்து இவ்ளோ தூரம்ங்கற விஷயத்துக்கெல்லாம் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அந்த வாக்கியம்தான் அடுத்தவங்களோடது. விஷயத்தை எடுத்துக்கிட்டு உங்க வார்த்தைல மறுபடி எழுதுங்க. நீங்களா எழுதின முதல் பத்தி நல்லா இருக்கு, நிர்வாகி யாரையாவது கேட்டா அதை மட்டும் உங்க மணல்தொட்டிக்கு எடுத்துத் தருவாங்க." இவ்ளோதாங்க. இதுல எந்த விதியோட பேரும் வரல, ஆனா விதி மொத்தமும் உள்ள இருக்கு.

உடனே அவன் திருப்பிக் கேப்பான், "அது கவர்மென்ட் சைட்டுதானே, மக்கள் சொத்துதானே"ன்னு. நல்ல கேள்வி, கோவப்படாதீங்க. 1957 காப்புரிமைச் சட்டப்படி அரசாங்கம் வெளியிடறதுக்கும் 60 வருஷம் காப்புரிமை உண்டு, சட்டம், கோர்ட்டு தீர்ப்பு மாதிரி சிலதுக்குதான் விலக்கு. விக்கில இருக்கற எழுத்தை யார் வேணா எடுத்து வியாபாரத்துக்குக் கூட பயன்படுத்தலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல குடுத்திருக்கோம், நமக்கு சொந்தமில்லாததை அப்படி எப்படி தூக்கிக் குடுக்க முடியும்? இதை அவன் கேட்டதுக்கு அப்புறம் சொன்னா மண்டைல ஏறும், கேக்கறதுக்கு முன்னாடி லிங்க்கா குடுத்தா ஏறாது.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், இ-சேவை அப்ளிகேஷனும் போட்டுத் தர்றேன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். வருமானச் சான்றுக்கு ஒரு அம்மா வந்து "எங்க கண்ணு கையெழுத்து போடணும்"னு கேட்டா அரசாணையைப் படிச்சுக் காட்டவா முடியும்? "இங்க போடுங்கம்மா"ன்னு கட்டத்துல விரலை வைப்போம். ஒத்தாசைப் பக்கத்துலயும் அந்த விரல்தான் வேணும். அவங்க எழுதின வரி எது, அதுல சிக்கல் எங்க இருக்கு, அதை எடுத்துச் சொல்லுங்க. விதியோட லிங்க் கீழ கடைசில இருந்துட்டுப் போகட்டும், வேணும்னா படிப்பாங்க.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்க பல பேரு தப்பு பண்றதே இல்ல, பாதி சரியா பண்றாங்க. நம்ம பக்கத்து உதாரணமே சொல்றேன். ராஜாஜி ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளில 1878ல பொறந்தாரு. அப்ப அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2ல சேலத்துல இருந்து தர்மபுரி பிரிஞ்சுது, 2004 பிப்ரவரி 9ல தர்மபுரில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. இப்ப பழைய புத்தகம் வச்சிருக்கறவரு சேலம்னு போடுவாரு, நடுவுல வந்த புத்தகத்தைப் படிச்சவரு தர்மபுரின்னு மாத்துவாரு, ஓசூர்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு ரூமுக்கு வந்த பையன் "அடப்பாவிங்களா இது கிருஷ்ணகிரிடா"ன்னு அழிச்சு எழுதுவான். மூணு பேரும் சொல்றது நெஜம்தான், யாரும் நாச வேலை பண்ணல. மூணு பேரு மாத்தினதையும் ரிவர்ட் பண்ணி பழையபடி ஆக்கிட்டு "தொகுப்புப் போரில் ஈடுபடாதீர்"னு, அதாவது மாத்தி மாத்தி அழிச்சு எழுதாதீங்கன்னு எச்சரிக்கை ஒட்டினா மூணு பேரும் போயிடுவாங்க. "அப்போதைய சேலம் மாவட்டம், இப்ப கிருஷ்ணகிரி மாவட்டம்னு எழுதிடலாமா"ன்னு அந்தக் கட்டுரையோட உரையாடல் பக்கத்துல ஒரு வரி கேட்டா முடிஞ்சுது, மூணு பேரும் தங்குவாங்க.

மக்கள்தொகையும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்புப்படி தர்மபுரி மாவட்டம் 15,06,843 பேரு. யாராவது வந்து "இது அரதப் பழசு, இப்ப இருபது லட்சம் இருக்கும்"னு மாத்திடுவாங்க. அவங்க மனசுல தப்பில்ல, பழசுதான் அது. 2021ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால 2011தான் கைல இருக்கற முழுக் கணக்குன்னு சொல்லிட்டு, "அடுத்தது வந்ததும் நீங்களே அப்டேட் பண்ணுங்க"ன்னு அவங்ககிட்டயே பொறுப்பைக் குடுங்களேன்.

ரொம்ப சூடா வர்றது மயிலாடும்பாறை. கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கற அந்த இடத்துல கெடைச்ச இரும்புக்கு கி.மு. 2172ன்னு தேதி வந்திருக்குன்னு 2022ல முதலமைச்சர் சட்டசபைலயே சொன்னாரு. நமக்கெல்லாம் நெஞ்சு ஒரு சுத்து பெருத்துப் போச்சு, எனக்கும்தான். உடனே ஒரு ஆர்வலர் வந்து "உலகிலேயே முதன்முதலில் இரும்பு கண்டுபிடிக்கப்பட்ட ஊர்"னு எழுதிட்டாருன்னு வைங்க, அவரை எப்படி அணுகறது? "ஆதாரமற்றது, நீக்கம்"னு போட்டா அவரு கண்ணுக்கு நாம தமிழின துரோகி ஆயிடுவோம். ஆதாரம் இருக்கே, அதானே பிரச்சனை! ஆதாரம் சொல்றது வேற, அவரு வரி சொல்றது வேற. "ஐயா, எந்த வருஷம், யார் அறிவிச்சாங்க, என்ன தேதி, இந்த மூணையும் அப்படியே எழுதுங்க, முதன்முதலிலங்கறதை மட்டும் விட்டுடுங்க"ன்னு சொன்னா ஒத்துக்குவாரு. அப்படி எழுதி வச்சது எவ்ளோ நல்லதுன்னு 2025 ஜனவரில தெரிஞ்சுது, தூத்துக்குடி பக்கம் சிவகளைல இரும்பு கெடைச்ச இடத்து சாம்பிளுங்களுக்கு கி.மு. 3345 வரைக்கும் தேதி போகுதுன்னு அரசு அறிக்கை வந்துச்சே. "முதல்"னு எழுதி வச்சிருந்தா கட்டுரையே தப்பாயிருக்கும், வருஷத்தோட எழுதினது அப்படியே நிக்குது. (எங்க மாவட்டப் பெருமை மூணு வருஷம் கூட நிக்கலயேன்னு கொஞ்சம் வருத்தம்தான், அது தனி.)

பெரியவங்க விஷயம் கொஞ்சம் நாசூக்கு. ரிடையர் ஆன வாத்தியார் ஒருத்தர் வந்து, "எங்க ஊர் எல்லைல இருக்கற நடுகல்லு பத்தி எங்க தாத்தா சொன்னதை எழுதறேன், இதுக்கு மேல என்னப்பா ஆதாரம்"னு கேப்பாரு. அவரை "சொந்த ஆய்வு கூடாது"ன்னு நாலு வார்த்தைல தள்ளி விடறது பாவம், அது முட்டாள்தனமும் கூட, ஏன்னா அவருக்குத் தெரிஞ்சது நம்ம யாருக்கும் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் நடுகல்லுக்கு எவ்ளோ பேர் போனதுன்னு தர்மபுரி மியூசியத்துக்கு ஒரு தடவை போனாலே தெரியும். தொல்லியல் துறை நம்ம மாவட்டக் கல்வெட்டுங்களைப் புத்தகமா போட்டிருக்கு, தமிழ் இணையக் கல்விக் கழகத்தோட மின்னூலகத்துல பழைய புத்தகம் ஏகப்பட்டது ஸ்கேன் பண்ணி இலவசமா கெடக்குது. "உங்க ஊர் பேரு அதுல எங்கயாவது வருதான்னு தேடிப் பாருங்க ஐயா, வந்தா பக்க எண்ணோட எழுதலாம். அந்தக் கல்லை உங்க செல்லுலயே போட்டோ எடுத்து விக்கிமீடியா காமன்ஸ்ல (விக்கியோட படக் கிடங்கு) ஏத்துங்க, தாத்தா சொன்ன கதையை தனியா எழுதி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்புங்க"ன்னு சொல்லணும். வாத்தியாருக்கு வேலை குடுத்தா போதும், விட மாட்டாரு.

போட்டோ பத்தி சுருக்கமா: வாட்ஸப்ல வந்தது, கூகுள்ல எடுத்தது வேண்டாம், நீங்களே எடுத்தது வேணும். ஒகேனக்கல் போய் எடுத்த செல்ஃபியும் வேண்டாம், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு அருவியை எடுங்க.

எல்லாருக்கும் இப்படி இதமா பேசணும்னு நான் சொல்ல வரல. "எங்க அண்ணனைப் பத்தி ஒரு பக்கம் போடணும், எலெக்ஷன் வருது"ன்னு வர்றவங்க, மாம்பழக்கூழ் கம்பெனிக்கு விளம்பரம் மாதிரி எழுதிக்கிட்டு வர்றவங்க, இவங்களுக்கு இனிக்க இனிக்கப் பேசி இழுத்தடிக்கறதுதான் கெடுதல். முதல் பதில்லயே பளிச்சுன்னு சொல்லிடணும், சம்பந்தமில்லாத பத்திரிகையோ புத்தகமோ விரிவா எழுதியிருந்தாதான் கட்டுரை நிக்கும், காசு வாங்கிட்டு எழுதறீங்கன்னா அதை வெளிப்படையா சொல்லியே ஆகணும், 2014ல இருந்து, விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியாவோட பயன்பாட்டு விதிலயே அது இருக்கு. முடியாதுங்கறதை முடியாதுன்னு சொல்றதும் ஒரு உதவிதான்.

இப்ப புதுசா ஏஐ தலைவலி வேற. பக்கம் பக்கமா வழவழன்னு தமிழ், கீழ அடுக்கடுக்கா மேற்கோள், தேடிப் பாத்தா அந்தப் புத்தகமே உலகத்துல இல்ல. "ஏஐ வச்சு எழுதினியா"ன்னு குற்றவாளியைக் கேக்கற மாதிரி கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நான் என்ன கேப்பேன்னா, "இந்த மூணாவது மேற்கோள் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, சொல்றீங்களா"ன்னு மட்டும். கையில புத்தகம் இருக்கறவரு பக்கம் சொல்லிடுவாரு. இல்லாதவரு ஒண்ணு காணாம போவாரு, இல்ல "மன்னிச்சுக்கங்க, எப்படி எழுதறதுன்னு சொல்லித் தாங்க"ன்னு வருவாரு. ரெண்டாவது ரகம் நீங்க நெனைக்கறதை விட அதிகம்.

"நாங்க இருக்கறதே கொஞ்ச பேரு, குப்பையைக் கூட்டவே நேரம் பத்தல, இதுல ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து கடுதாசி எழுதவா"ன்னு பழைய ஆளுங்க கேப்பாங்க. நியாயம்தான், அவங்க படற பாடு எனக்குத் தெரியும். ஆனா கொஞ்ச பேராவே ஏன் இருக்கோம்ங்கறதையும் யோசிக்கணும் இல்லையா. ஆங்கில விக்கில 2007க்கு அப்புறம் தொடர்ந்து எழுதறவங்க எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சுது. ஏன்னு ஆரன் ஹாஃப்பேக்கரும் கூட்டாளிகளும் ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க. நல்ல எண்ணத்தோட வந்த புதியவங்களோட திருத்தத்தையும் மெஷின் வேகத்துல அழிச்சு அழிச்சு தள்ளி விட்டதுதான் முக்கியமான காரணத்துல ஒண்ணுன்னு சொன்னாங்க. புதியவங்களைக் கடிக்காதீங்கன்னு அங்க வழிகாட்டுதலே இருக்கு, அப்பவும் இந்த நிலைமை. 2012ல டீஹவுஸ்னு புதியவங்க கேள்வி கேக்கறதுக்குன்னே ஒரு இடம் தொறந்தாங்க. அத்தனை ஆயிரம் பேரு எழுதற இடத்துலயே ஆள் போறது வலிச்சிருக்கு, நமக்கு ஒரு அரூர் பையன் போறது எவ்ளோ பெரிய நஷ்டம்.

எதிர்ப்பக்கமும் ஒரு வியாதி இருக்கு. ரொம்ப நல்லவங்க, கேட்ட உடனே தானே போய் எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துடுவாங்க. வார்ப்புரு (ரெடிமேட் டெம்ப்ளேட்) போட்டு, மேற்கோள் போட்டு, பகுப்பு (கட்டுரை எந்த வகைன்னு) போட்டு, பளபளன்னு ஆக்கிட்டு "சரி செய்துட்டேன்"னு ஒரு ஸ்மைலி. கேட்டவரு நன்றி சொல்லிட்டுப் போயிடுவாரு, அடுத்த கட்டுரைலயும் அதே கேள்வியோட வருவாரு. ஒரு மேற்கோளை மட்டும் நீங்க போட்டுக் காட்டுங்க, மீதியை அவரையே போடச் சொல்லுங்க. கட்டுரையோட வரலாறுங்கற தாவலை (டேப்) முதல்ல காட்டிடுங்க, எதைக் கெடுத்தாலும் பழைய பதிப்பு அங்க பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சாதான் பதிப்பிடுற பட்டனை அழுத்தற பயம் போகும்.

அப்புறம் தயவு செஞ்சு இந்த வாட்ஸப்லயே பதில் சொல்றதை நிறுத்துங்கப்பா. வேகமா இருக்கு, வாய்ஸ் நோட் போடலாம், எல்லாம் சரி. ஆனா நீங்க அருமையா சொன்ன பதில் ஒருத்தரோட செல்லுக்குள்ளயே செத்துப் போகுது. அதே கேள்வி அடுத்த மாசம் பென்னாகரத்துல இருந்து இன்னொருத்தர் கேப்பாரு, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒத்தாசைப் பக்கத்துல எழுதினா கேக்கத் தயங்கற பத்து பேரும் சத்தமில்லாம படிச்சுட்டுப் போவாங்க, நீங்க தப்பா சொல்லியிருந்தா இன்னொருத்தர் வந்து திருத்தவும் முடியும்.

அதனால இந்தப் பதிவைப் பாத்துட்டு எனக்கு இன்பாக்ஸ்ல கேள்வி அனுப்பறவங்களுக்கு ஒரே பதில்தான், ஒத்தாசைப் பக்கத்துல கேளுங்க, எந்தக் கட்டுரை, எந்த வரின்னு சேத்து எழுதுங்க. கடையை அடைச்சுட்டு வந்து ராத்திரி பாக்கறேன், அதுக்குள்ள வேற யாராவது சொல்லிட்டா இன்னும் நல்லது.